முள் ஆடும் பழைய ஸ்பீடோமீட்டர்: கேபிளா, யார்டு க்ளஸ்டரா, ஜிபிஎஸ்ஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டொயோட்டா டாஸ், பழைய சிட்டி கோல்ஃப், நிஸான் 1400 பக்கி (சின்ன பிக்கப் வண்டி) எல்லாவற்றிலும் ஸ்பீடோமீட்டரைச் சுழற்றுவது கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள்தான். கோளாறு வந்தால் முள் ஒரு நாள் ஒழுங்காக நிற்கும். மறுநாள் 30க்கும் 60க்கும் நடுவே ஆடும். ரோபோவில், அதாவது சிக்னலில், நின்று கிளம்பினால் சில சமயம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கேபிளைச் சரிசெய்யலாம், ஸ்கிராப்யார்டில் வேறு மீட்டர் க்ளஸ்டர் (டாஷ்போர்டின் மீட்டர்கள் அடங்கிய முழுப் பெட்டி) வாங்கிப் போடலாம், அல்லது ஜிபிஎஸ் மீட்டரை ஒட்டிக்கொண்டு விட்டுவிடலாம். என் ஓட்டு கேபிளுக்கு. ஓடிய கிலோமீட்டரை எண்ணும் ஓடோமீட்டர் ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

வாங்குவதற்கு முன் கோளாறு எங்கே என்று பாருங்கள். முள்ளும் கிலோமீட்டர் எண்களும் ஒரே கேபிளில்தான் ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்து நின்றால் பழுது கேபிளில், அல்லது கியர்பாக்ஸில் அதைச் சுழற்றும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில். எண்கள் சீராக ஏற, முள் மட்டும் முரண்டு பிடித்தால் பழுது மீட்டருக்குள். முள் சரி, எண்கள் நின்றுவிட்டன என்றால் ஓடோமீட்டரின் சின்னப் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். கேபிளை மாற்றிப் பயனில்லை. குறைந்த வேகத்தில் ஆடி, 80க்கு மேல் அடங்கும் முள் பெரும்பாலும் கிரீஸ் வற்றிய கேபிளின் அடையாளம். உள்கம்பி சிக்கிச் சிக்கி விடுபடுவதால்தான் அந்த ஆட்டம். கடற்கரை ஈரத்தில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

கேபிளைக் கழற்றும்போது க்ளஸ்டரை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். இன்ஜின் பக்கத்திலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ரப்பர் வழியே கேபிளை உள்ளே தள்ளிக் கொஞ்சம் தளர்வு கொடுத்தால் மேல்முனைக் கொக்கி உடையாமல் வரும். கழற்றிய கேபிளின் ஒரு முனையை விரலால் மெல்லத் திருப்பி, மறுமுனையில் உள்கம்பியின் சதுர நுனியைக் கவனியுங்கள். கூடவே சுழன்றால் நல்லது. தயங்கி நின்று திடீரென்று துள்ளினால் உள்ளே வறட்சி அல்லது மடிப்பு. சதுரத்தின் ஓரங்கள் உருண்டு போயிருந்தாலும் அந்தக் கேபிள் முடிந்தது.

உள்கம்பி வெளியே வரும் வகையானால் துடைத்து, மெல்லிய கிரீஸைப் பட்டாணி அளவு விரலில் எடுத்துக் கம்பி நெடுகத் தடவுங்கள். மீட்டர் பக்கத்து கடைசி 15 சென்டிமீட்டரை மட்டும் காயவிடுங்கள். பெரும்பாலான வேலை கெடுவது இங்கேதான். கம்பி திருகுபோல் முறுக்கியிருப்பதால் சுழலும்போது கிரீஸைத் தானே மேலே ஏற்றும். அது மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டினால், முள் திடீரென்று கடைசி எண் வரை பாய்ந்து ஸ்பிரிங்கைக் கெடுத்துவிடும். கீழே சீல் கசிந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயும் இதே வழியில்தான் மேலே ஏறும். ஆகவே கேபிளோடு அந்த சீலான ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) மாற்றுங்கள். உள்கம்பி வராத வகையில் எண்ணெய் விட்டுப் பார்ப்பது வீண் வேலை, முழுக் கேபிளையே மாற்றிவிடுங்கள். பூட்டும்போது எந்த வளைவும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது.

மீட்டர் மேல் சந்தேகம் இருந்தால் பழைய உள்கம்பித் துண்டை டிரில்லில் மாட்டிச் சுழற்றலாம். ஜப்பான் வண்டிகளில் வழக்கமான கணக்கு, கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் முள் 60ஐக் காட்ட வேண்டும். டிரில்லை மெதுவாக விடுங்கள், கேபிள் சுற்றும் திசையிலேயே.

யார்டு க்ளஸ்டர் அரை மணி நேர வேலை, அதுதான் அதன் ஒரே கவர்ச்சி. கேபிள் பழுதை அது தீர்க்காது. மீட்டர் தலையே போயிருந்தால் மட்டும் யோசிக்கலாம், அப்போதும் டயலில் உங்கள் பழைய மீட்டரில் உள்ள அதே சுற்று எண் (637 போல) குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் வண்டி 2,80,000 ஓடியிருக்க, புது முகப்பு 1,40,000 என்று காட்டும். விற்கும் நாளில் வாங்குபவர் சர்வீஸ் புத்தகத்தையும் டயலையும் ஒப்பிட்டால், நீங்கள் என்ன சொன்னாலும் எண்ணைக் குறைத்த வண்டி என்றுதான் நினைப்பார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே நாளில் படமெடுத்து, ஒர்க்‌ஷாப் பில்லில் இரண்டையும் எழுதி வாங்குங்கள். மீட்டர் வேலை தெரிந்தவரிடம் உங்கள் பழைய தலையையே பழுது பார்க்கக் கொடுப்பது இதைவிட மேல்.

ஜிபிஎஸ் வேகத்தைத் துல்லியமாகவே காட்டும், அதை மறுப்பதற்கில்லை. என்1 தேசிய நெடுஞ்சாலையில் பார்ல் ஊருக்கு அருகே 3.9 கிலோமீட்டர் நீளும் ஹியூகனாட் சுரங்கப் பாதைக்குள் மட்டும் ஊமையாகிவிடும். பெரிய குறை அதுவுமல்ல. வண்டியின் ஓடோமீட்டர் நின்றே கிடக்கும். ஆயில், டைமிங் பெல்ட் எல்லாம் எந்தக் கிலோமீட்டரில் என்று யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வண்டியில் வேலை செய்யும் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும், கைமாறும்போது ரோட்வொர்த்தி சோதனையும் (வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்ற சோதனை) உண்டு. செத்த டயலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை ஒட்டிக்கொண்டு அங்கே போய் நிற்க நான் துணிய மாட்டேன்.

எந்த வழியில் சரிசெய்தாலும் நெடுஞ்சாலையில் ஒரு முறை அளந்து பாருங்கள், கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் தூரம் காட்டும் பலகை ஒன்று நிற்கும். முள்ளை 100இல் நிறுத்தி ஐந்து இடைவெளி கடக்க 36 வினாடி ஆக வேண்டும். 38 ஆனால் நிஜ வேகம் 95. மீட்டர் சற்று கூட்டிக் காட்டுவது வழக்கம்தான், விட்டுவிடலாம். 33 ஆனால் நீங்கள் 109இல் போகிறீர்கள், அதை விடக் கூடாது. கூட்டிக் காட்டுவது மிக அதிகமாக இருந்தால் கேபிளைத் திட்டுவதற்கு முன் டயரைப் பாருங்கள். 175/70 ஆர்13 இருந்த இடத்தில் 175/50 ஆர்13 மாட்டினால் சுற்றளவு சுமார் 12% குறையும், முள் 100 காட்டும்போது வண்டி 88இல்தான் போகும். ஓடோமீட்டரும் அதே அளவுக்குக் கூட்டியே எண்ணும்.