கோரிப்பாளையத்து கிராமர் நோட்ஸ்: 90 ரூபாய்க்குத் தகுமா?

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தின் ஆங்கில இலக்கண நோட்ஸ், அருகிலுள்ள ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு 90 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எழுவாய்க்கு ஏற்ற வினை, ப்ரோனவுன் (பிரதிப்பெயர்) என இரண்டே தலைப்பு. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பாக அடித்தால் கேள்விக்கு அரை மதிப்பெண் போகும். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் இந்த இரண்டும் அடிக்கடி தலைகாட்டும்.

நோட்ஸின் பலம், தமிழ்க் காதிலிருந்து தொடங்குவது. ‘மேலூர் பஸ் வந்துருச்சு’ என்போம். ‘ரெண்டு பஸ்ஸும் வந்துருச்சு’ என்றும் சொல்வோம். அஃறிணைக்குப் பேச்சில் ஒருமை பன்மை பார்ப்பதில்லை. ‘த பஸ்சஸ் இஸ் லேட்’ என்று கை எழுதுவது அதனால்தான். ‘எல்லாரும் வந்துட்டாங்க’ என்பதில் நேர்மாறு: நமக்குப் பன்மை, ஆங்கிலத்து ‘எவ்ரிஒன்’ ஒருமை. ‘எவ்ரிஒன் ஹேவ் கம்’ தப்பு, ‘ஹேஸ் கம்’ சரி. பல தடிமனான கைடுகளில் இந்தக் காரணம் இருக்காது.

அடுத்து ஒரு பென்சில் பயிற்சி. ‘எ பாஸ்கெட் ஆஃப் ஜாஸ்மின் ஃப்ளவர்ஸ் ஃப்ரம் உசிலம்பட்டி’ என்ற எழுவாய்க்கு ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ? ஆஃப், ஃப்ரம், அலாங் வித், ஆஸ் வெல் ஆஸ் என்று தொடங்கும் துண்டுகளை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ‘எ பாஸ்கெட்’, ஆகவே ‘இஸ்’. வினைக்கு ஒட்டி நிற்கும் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் இந்த வழி செல்லாத இடங்களை அதே பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். ‘சம் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’ வந்தால் ‘ஆஃப்’புக்குப் பிறகு வரும் பெயர்தான் தீர்மானிக்கும்: ‘மோஸ்ட் ஆஃப் த ரைஸ் இஸ்’, ‘மோஸ்ட் ஆஃப் த இட்லிஸ் ஆர்’. ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ ஒருமை, ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ பன்மை. இதெல்லாம் கடைசிப் பக்கங்களில் கிடக்கிறது. அதற்குள் அடிக்கிற பழக்கம் ஊறிப்போய்விடும். ‘நெய்தர்–நார்’ பகுதியிலும் ஒரு குறை. வினைக்குக் கிட்ட இருக்கும் எழுவாயைப் பார் என்ற விதி சரிதான். கொடுத்த இரண்டு உதாரணத்திலும் பின்னால் வருவது பன்மையாகவே இருப்பதால், எப்போதும் ‘ஆர்’தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ‘நெய்தர் த வொர்க்கர்ஸ் நார் த ஓனர் இஸ்’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கலாம்.

விடைப் பட்டியலில் அப்பட்டமான தப்பும் உண்டு. ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ ___ எர்லி’ என்பதற்கு ‘கம்ஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘ஹூ’ சுட்டுவது பாய்ஸை. ‘கம்’ என்பதே சரி. ‘த ஒன்லி ஒன் ஆஃப்’ என்றிருந்தால்தான் ‘கம்ஸ்’.

ப்ரோனவுன் பகுதி ஒல்லி. 231 சூத்திரம் இருக்கிறது: முன்னிலை (2), படர்க்கை (3), தன்மை (1), அதாவது யூ, ஹி, ஐ என்ற வரிசை; குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது மட்டும் 123. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ தப்பு, ‘மீ’ வேண்டும் என்பதும் இருக்கிறது. ‘எவ்ரிஒன் டுக் தேர் சீட்’ என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்கிறார்கள். ஒருவரைக் குறிக்கும் ஒருமை ‘தே’யை, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடைக் கையேட்டின் 2019 பதிப்பே ஏற்றுக்கொண்டது. நம்மூரிலும் ‘ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில்’ என்றுதானே எழுதுகிறோம்? பழைய பாணி வினாத்தாளில் ‘ஹிஸ்’, ‘தேர்’ இரண்டும் விருப்பங்களாக வந்தால் ‘ஹிஸ்’ஸைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. அந்த யோசனையாவது சொல்லியிருக்கலாம்.

அடிப்படை தடுமாறுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். விடைகளை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பாதி தெரிந்தவர்களுக்கு 90 ரூபாய் அதிகம். ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் என்பதால் சில பிரதிகளில் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. வினையின் கடைசி ‘எஸ்’ தெரியாத பக்கத்தை வைத்து இந்தப் பாடத்தைப் படிக்க முடியாது. கடையிலேயே புரட்டிப் பார்த்து, மங்கலாக இருந்தால் வேறு பிரதி கேளுங்கள்.