தாத்தாவின் இரண்டு சுங்கான்கள்: மெஷின் பாலிஷா, கைவேலையா?

தாத்தா தேவிகுளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குத் திரும்பும்போது புகையிலை பிடிக்கும் இரண்டு பைப்புகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா அவற்றைச் சுங்கான் என்றுதான் சொல்வார். வளைந்ததை மட்டும் சாயந்திரம் வேலை முடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து பிடிப்பார். நேரானதை அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. அவருக்குப் பிறகு இரண்டும் ஒரு பிஸ்கட் டின்னில் பல வருஷம் கிடந்தன.

போன வருஷம் இரண்டையும் சரிசெய்ய எடுத்தோம். நேரானதைச் சித்தப்பா டவுனில் ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தார். வளைந்ததை நான் வீட்டிலேயே மூன்று வாரம் வைத்துச் செய்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். மூணாறு, பீர்மேடு பக்கம் பழைய பங்களா வேலைக்காரர் குடும்பங்களில் யாரிடமாவது இப்படி ஒன்று இருந்தால், கடைக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அடையாளம். மரத்தில் குத்திய எழுத்தை நம்புவதா, தண்டு சேரும் இடத்தில் இருக்கும் உலோக வளையமான பூணின் முத்திரையை நம்புவதா? எங்கள் விஷயத்தில் எழுத்துதான் உண்மையைச் சொன்னது. இருட்டறையில் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த எழுத்துகூட நிழல் விழுந்து எழும்பும். வளைந்ததில் ‘பீட்டர்சன்’ என்ற அயர்லாந்துப் பைப் கம்பெனியின் பெயரும், ‘மேட் இன் த ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்றும் இருந்தது. அயர்லாந்து குடியரசானது 1949இல். அப்படியானால் பைப்பு அதற்குப் பிந்தையது. ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்று இருந்திருந்தால் 1922க்கும் 1937க்கும் இடைப்பட்ட காலத்தைப் பார்க்கவேண்டும்.

அதே பைப்பின் பூணில் மூன்று குட்டிப் படங்கள் இருந்தன. சித்தப்பா அதை வெள்ளி முத்திரை என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் முத்திரை குத்திய வெள்ளியில் உட்கார்ந்திருக்கும் பெண் உருவம், கிரீடம் வைத்த யாழ், வருஷத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகியவை இருக்கும். எங்களுடையதில் இருந்தவை மூவிலை, கோபுரம் வகைப் படங்கள். நிக்கல் பூண்களில் அழகுக்காகப் போட்டவை அவை. நிஜ வெள்ளியாக இருந்தால் அந்த ஓர் எழுத்தே வருஷத்தைக் கொடுத்துவிடும்; அப்போது பூண்தான் முதல் சாட்சி.

நேரானதில் ‘ப்ரூயேர் கராந்தி’ என்று மட்டும் இருந்தது. பலர் அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துத் தேடுவார்கள். ப்ரூயேர் என்பது பிரையர் மரத்துக்கான பிரெஞ்சுச் சொல். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒரு புதரின் வேர்முண்டு அது, சூட்டைத் தாங்கும். ‘கராந்தி’ என்றால் உத்தரவாதம். ஆக, அசல் பிரையர் என்பதைத் தவிர அந்த எழுத்து வேறொன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் அதுதான் அந்தப் பைப்பின் ஒரே எழுத்து. அது இப்போது என் போன் படத்தில் மட்டுமே இருக்கிறது. பாலிஷ் சக்கரம் அதை முழுக்கத் தேய்த்துவிட்டது.

சக்கரத்தின் பக்கம் நியாயமும் உண்டு. நேரானது கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, வேலையும் ஒரே நாளில் முடிந்தது. மரத்துக்குப் பூசும் கார்னாபா மெழுகு ரொம்பக் கெட்டி. 80 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் உருகிப் பரவும், அந்தச் சூட்டைச் சக்கரம் தன் உராய்விலேயே தந்துவிடும். கையால் எவ்வளவு தேய்த்தாலும் அந்த மினுக்கம் வராது. ஆனால் வாயில் வைக்கும் தண்டும் மரமும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். முன்பு ஒரே மட்டமாக இருந்த இடத்தில் இப்போது விளிம்பு மழுங்கி ஒரு பள்ளம் தட்டுகிறது. புகையிலை போடும் கிண்ணத்தின் கருகிய வாயையும் உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கியிருக்கிறார்கள், அதனால் உயரமே குறைந்துவிட்டது. ஈரத்துணியால் பொறுமையாகத் துடைத்திருந்தால் பாதிக் கருப்பாவது போயிருக்கும்.

அடுத்தது தண்டு. இரண்டிலும் தண்டு எபோனைட்: கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பச்சையும் பழுப்புமாகிவிடும், நாக்கில் வைத்தால் கசக்கும். பிளீச்சில் ஊறப்போட்டால் நிறம் சீக்கிரம் போகும், ஆனால் மேல்தோல் அரித்துச் சொரசொரப்பாகும். நான் துணிக்கறை எடுக்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைத்தேன். அது பழுப்பை இளக்கிவிடும், அவ்வளவுதான். மீதியெல்லாம் தண்ணீர் தொட்ட உப்புத்தாள்: 400, 600, 1000, கடைசியில் 2000.

தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கக்கூடாது. சூடு பட்டால் எபோனைட் தன் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். வளைந்த தண்டு நிமிரும், பல் பதிந்த பள்ளம் மேலே எழும்பும். பள்ளத்தை எடுக்க வேண்டுமென்றே சூடு காட்டுபவர்கள் உண்டு. துளை விழும் அளவுக்குக் கடித்த தண்டென்றால் அதுவும் சரிதான். என்னுடையதில் இரண்டு சின்னப் பள்ளங்கள்தான், தாத்தாவின் பல் பதிந்தவை. அவற்றைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன், உள்ளே தாள் படவிடவில்லை.

கிண்ணத்தின் உள்ளே படிந்த கரியை ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு விட்டு மீதியைச் சுரண்டினேன். அப்புறம் நாற்றம் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. கிண்ணத்தில் கல் உப்பை நிரப்பி ஸ்பிரிட் விட்டு ராத்திரி முழுக்க வைப்பது ஒன்று, உப்புக்குப் பதில் பஞ்சு வைப்பது இன்னொன்று. நம் மலைக்கு நான் பஞ்சைத்தான் சொல்வேன். ஆடி மழையில் உப்பு ஜாடியே கசிகிற ஊர் இது. வளைந்தது போன்ற பீட்டர்சன் ‘சிஸ்டம்’ வகைப் பைப்பில், 1890இல் காப்புரிமை வாங்கிய அமைப்புப்படி, எச்சில் நீர் தங்க அடியில் ஒரு குழி இருக்கிறது. உப்பு அதில் போய் உட்கார்ந்தால் எடுப்பது கஷ்டம், ஈரம் இழுத்து நிக்கலையும் அரிக்கும். பஞ்சை மூன்று ராத்திரி மாற்றினேன். மூன்றாவது நாள் அது இளமஞ்சளாகத்தான் வந்தது. ஸ்பிரிட் வெளிமரத்தில் சிந்தினால் சாயம் போய்விடும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

தண்டுக்கு எண்ணெய்? அம்மா தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டினார். டிசம்பரில் மூணாறில் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு விழாது, உறைந்து கிடக்கும். பைப்பின் இடுக்கிலும் அப்படித்தான் வெள்ளையாகப் படியும். மெடிக்கல் ஷாப் சேட்டனிடம் லிக்விட் பாரஃபின் வாங்கினேன். உறையாது, சிக்குவாசமும் வராது. ஒரு சொட்டைத் தடவி, மறுநாள் துடைத்தால் போதும்.

சித்தப்பா நேரானதை ஹாலில் கண்ணாடி ஷோகேஸில் வைத்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடம் அது, தண்டு மறுபடி பழுப்படிக்கத் தொடங்கியிருக்கிறது. வளைந்ததைத் தாத்தாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி மர அலமாரியில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாடவிட்டு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறேன்.