காட்பாடி, வேலூர் பக்கம் வீட்டுக்கு உள்பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் ஹால் சுவரில் கையை வைத்தால் பெயிண்ட் கையோடு வருகிறது. அடித்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. இதுவரை 80,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

காந்தி நகரில் இருக்கும் எங்கள் வீடு 1998-ல் கட்டியது, 900 சதுர அடி. உள்ளே பழைய டிஸ்டம்பர்தான் இருந்தது. பொங்கலுக்குள் முடித்துவிடலாம் என்று கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு பெயிண்டிங் மேஸ்திரியைக் கூப்பிட்டோம். தெரு முனையில் ஒரு வீட்டுக்கு அவர்தான் வெளிப்பூச்சு செய்திருந்தார், பார்க்க நன்றாகவே இருந்தது. வந்தார், டேப் பிடித்து அளந்தார், சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் செய்த வீடுகள் என்று போனில் படங்கள் காட்டினார். பட்டி (சுவரைச் சமமாக்கும் பூச்சு) இரண்டு கை, பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஒரு கை, நல்ல எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கை, பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 24 ரூபாய் என்றார். சுவரும் கூரையும் சேர்த்து மொத்தம் 3,600 சதுர அடி, 86,400 ரூபாய். "உங்க வீட்டை என் வீடு மாதிரி பார்த்துக்கிறேன் மேடம்" என்றார். நம்பினேன். அன்றே 50,000 ஜி-பே செய்தேன்.

அந்த 3,600-ஐ நாங்கள் திரும்ப அளந்து பார்க்கவில்லை. போன வாரம்தான் என் கணவரும் நானும் உட்கார்ந்து அளந்தோம். கூரையையும் சேர்த்து 3,050 வருகிறது. சமையலறை டைல்ஸ், பெரிய கதவுகள், சுவரலமாரி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் கணக்கு போட்டிருக்கிறார். அதிலேயே 13,200 ரூபாய் அதிகம்.

அளவில் போனதை விடுங்கள். சுவரில் செய்ததுதான் பெரிய அநியாயம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவேன், என் கணவருக்கு ராணிப்பேட்டையில் வேலை. பகல் முழுக்க வீட்டில் இருந்தவர் என் மாமியார்தான். இரண்டாம் நாள் சாயங்காலமே அவர் சொன்னார்: "சுரண்டவே இல்லியேம்மா, பழசு மேலயே பூசிக்கினு போறாங்க." மேஸ்திரிக்குப் போன் செய்து கேட்டேன். "இப்ப வர்ற பட்டி எதுமேலயும் புடிக்கும் மேடம்" என்றார். நான் அவர் பேச்சைக் கேட்டேன், மாமியார் சொன்னதை விட்டுவிட்டேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

டிஸ்டம்பர் என்பது பெரும்பாலும் சுண்ணத்தூள். அதைத் தகடு வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து எடுத்தால்தான் அடுத்து வைக்கும் பட்டி சுவரைப் பிடிக்கும். இல்லாவிட்டால் அது தூளின் மேல் உட்கார்ந்திருக்கும், சுவரோடு ஒட்டாது. எங்கள் வீட்டில் இப்போது ஓடு ஓடாகக் கழன்று வருவதைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பழைய வெளிர்பச்சை டிஸ்டம்பர் அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறது.

குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. மழையும் விட்டபாடில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், "ஃபேன் போட்டா காஞ்சிடும்" என்று சொல்லி அதன் மேலேயே பட்டி பூசிவிட்டார். மாசியில் வெயில் ஏற ஏற, அந்த இடம் முழுக்க உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாகக் கொப்பளித்துவிட்டது.

அடுத்தது பெயிண்ட். பெரிய கம்பெனியின் விலை உயர்ந்த ரகம், 20 லிட்டர் பக்கெட். வீட்டுக்கு வரும்போதே மூடி திறந்திருந்தது. கேட்டதற்கு, பெயிண்டருக்கென்று உள்ளே பரிசு டோக்கன் வைத்திருப்பார்கள், அதை எடுக்கத் திறந்தேன் என்றார். டோக்கன் வைப்பது உண்மைதான், அதனால் சந்தேகம் வரவில்லை. பிறகு பெயிண்ட் கடைக்காரர் ஒருவரிடம் பக்கெட்டைக் காட்டினேன். மெஷினில் கலர் கலந்தால் ஷேட் நம்பரோடு ஒரு ஸ்டிக்கர் மூடியில் ஒட்டித் தருவோம், இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். ஈரத்துணியால் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று விற்கும் ரகம் அது. எங்கள் சுவரைத் துடைத்தால் துணியில் கலர் ஏறுகிறது. பழைய பக்கெட்டில் மட்டமான சரக்கை ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

ஆறே நாளில் வேலை முடிந்துவிட்டது. சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷப்பட்டோம். சுரண்டி, காயவிட்டு, தேய்த்து ஒழுங்காகச் செய்திருந்தால் பத்து நாளாவது ஆகியிருக்கும். வேலைக்கு வந்த இரண்டு பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு நாளில் முடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று அவர்களில் ஒருவனே மாமியாரிடம் சொல்லியிருக்கிறான்.

சுவர் உரிய ஆரம்பித்ததும் போன் செய்தேன். "வீடு பழசு மேடம், ஓதத்துக்கு நான் என்ன பண்றது?" அப்புறம் மூன்று முறை நாளைக்கு வருகிறேன் என்றார். அதன் பிறகு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். மீதி 6,400 மட்டும்தான் எங்கள் கையில் இருந்ததால் அவருக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இல்லை. வேலையைப் பார்த்துப் பார்த்துப் பணம் கொடுத்திருந்தால் இப்படிப் போயிருக்க முடியாது.

பில் எதுவும் தரவில்லை. ஆனால் ஜி-பே விவரமும், என்னென்ன செய்வேன் என்று அவரே வாட்ஸப்பில் எழுதி அனுப்பியதும் இருக்கின்றன. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் உரிந்த சுவரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். சரி செய்கிறேன் என்று அடுத்த ஆளை உடனே சுரண்ட விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு விருதம்பட்டிலிருந்து ஒரு பெரியவரை நாள் கூலிக்கு வைத்திருக்கிறோம். பொருளை நாங்களே கடையில் வாங்குகிறோம், பக்கெட்டை எங்கள் கண் முன்னால் திறக்கிறார். முதல் மூன்று நாளும் சுரண்டல்தான். குளியலறையில் பைப் ஜாயின்ட் ஒன்று கசிந்துகொண்டிருந்தது, பிளம்பர் வந்து மாற்றினார். அந்தச் சுவரில் மட்டும் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். ஈரம் இருந்தால் தாளின் உள்பக்கம் வேர்க்கும். நேற்றுப் பிரித்துப் பார்த்தோம், துளித்துளியாக நின்றது. "இன்னும் காயலம்மா, விடுங்க" என்று புதுத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்.