பதினொரு வருடம் ரேட்ஸ் கட்டியவன் சொல்கிறேன்

எங்கள் பக்கம் வீடு வாங்க நினைக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: “உங்கள் கவுன்சில் எப்படி?” ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், 79 இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது, 2014 முதல் நான் ரேட்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டுவரி) கட்டிவரும் இந்த மெல்பேர்ன் புறநகர் கவுன்சில் ஒன்றுதான்.

குப்பை வண்டி நேரத்துக்கு வருகிறது, பூங்காவில் புல் வெட்டுகிறார்கள், நூலகம் நன்றாகவே இருக்கிறது. என் பிரச்சினை வாசலுக்கு நேரே உள்ள நடைபாதையில் ஒரேயொரு காங்கிரீட் பாளம்.

வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே புல்தரையில் கவுன்சில் நட்ட மரம் நிற்கிறது. அதன் வேர் பாளத்தைத் தூக்கிவிட்டது. 2021இல் அம்மா அதில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். போன் செய்தேன். ஒருவர் வந்து அளந்து வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டுவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து கிரைண்டரோடு வந்து விளிம்பைச் சீவினார்கள். சீவியது பாளத்தைத்தான், வேரை யாரும் தொடவில்லை. இரண்டு வருடத்தில் பாளம் மறுபடி எழும்பிவிட்டது.

திரும்ப அழைத்தபோது, “20 மில்லிமீட்டர் தாண்டினால்தான் செய்வோம்” என்றார்கள். நானே ஸ்கேலோடு குனிந்து அளந்தேன்: 18. மாநிலத்தின் 2004ஆம் ஆண்டு சாலை மேலாண்மைச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எவ்வளவு எழும்பினால் சரிசெய்வது, அதை எத்தனை நாளில் முடிப்பது என்று ஒவ்வொரு கவுன்சிலும் தானே திட்டம் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தத் திட்டப்படி நடந்துகொண்டால் பின்னால் வழக்கு வந்தாலும் அவர்களுக்குப் பாதுகாப்பு. சட்டப்படி சரிதான். ஆனால் அம்மாவின் கைத்தடிக்கு 18உம் ஒன்றுதான், 20உம் ஒன்றுதான்.

2024 அக்டோபர் கவுன்சில் தேர்தலுக்குத் தபாலில் வந்த வேட்பாளர் அறிமுகங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். நடைபாதை பற்றி எழுதியிருந்தவருக்கே முதல் விருப்பமாக 1 போட்டேன்.

சரி, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 முதல் ரேட்ஸை இஷ்டத்துக்கு உயர்த்தக் கவுன்சிலுக்கு உரிமையில்லை. உச்சவரம்பை மாநில அரசு வைக்கிறது. 2024-25க்கு அது 2.75 சதவீதம். கூலியும் சிமென்ட் விலையும் அதைக் கேட்டுக்கொண்டா ஏறுகின்றன? மரமும் பாளமும் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊரில் எதை முதலில் செய்வது என்ற திண்டாட்டம் எனக்குப் புரிகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாவம். 2017இல் மகள் பிறந்தபோது கவுன்சிலின் தாய் சேய் நலத் தாதி வீட்டுக்கே வந்தார். மூன்றரை வயது வரை பத்துச் சந்திப்புகள், எல்லாமே இலவசம். அன்று குழந்தையின் எடையைப் பார்த்து எழுதிவிட்டு, பேனாவை மூடிவைத்து, என் மனைவியிடம் “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைத்தான் கேட்டார்கள். நானும் அப்படித்தான். மனைவி அழ ஆரம்பித்தாள். தாதி ஒரு மணி நேரம் கூட இருந்து, யாரிடம் போகவேண்டும் என்று சொல்லி, அடுத்த வாரம் மறுபடி வந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கே பதினொரு வருட ரேட்ஸும் தகும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் இப்போது மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான். போன மாதம் மூன்றாவது தடவையாக வந்தார்கள். பாளத்தை மாற்றவில்லை. விளிம்பில் கறுப்புத் தாரைச் சரிவாகக் கொட்டி அமுக்கிவிட்டுப் போனார்கள். முதல் மழைக்கே ஓரம் பெயர்ந்து கல் கல்லாக உதிர்கிறது.

நண்பருக்கு ஒரு வார்த்தை: வீடு பார்க்கப் போகும்போது சமையலறை, குளியலறையோடு வாசல் மரத்தையும் அதன் அடியையும் பார்த்துவிடுங்கள். அம்மா இப்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார்.