லைசென்ஸ் எடுத்துத் தரும் கடை: 4,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கிருஷ்ணகிரி டவுனில் ஜெராக்ஸ், பான் கார்டு, வில்லங்கச் சான்று என்று எல்லாம் செய்து தரும் ஒரு ஆன்லைன் சென்டர். பெயர் போடவில்லை, தெருவுக்குத் தெரு இப்படி ஒரு கடை இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் அக்கா 2024 மாங்காய் சீசனில் ஊறுகாயும் தொக்கும் போட்டு பாட்டிலில் விற்க ஆரம்பித்தபோது அங்கேதான் போனோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டைப் செய்யும் பெண் கெட்டிக்காரர். போட்டோ, ஆதார், முகவரிச் சான்று எல்லாவற்றையும் அரசு இணையதளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கி, எந்த உணவு வகையைத் தேர்வு செய்ய வேண்டும் என்பதையும் தடுமாறாமல் போட்டார். லேபிளில் எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் சொல்ல ஒரு எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் ஓனரின் 'பேக்கேஜ்' மேல். எப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, ஜிஎஸ்டி மூன்றும் சேர்த்து 4,500 ரூபாயாம். "இது இல்லாம ஆபீசர் வந்தா சீல் வச்சிருவாங்கக்கா" என்று ஒரு மிரட்டல் வேறு. எது அரசுக் கட்டணம், எது உங்கள் கூலி என்று பிரித்துக் கேட்டால் பதில் வராது. சரி, நானே பிரிக்கிறேன். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலேயே முடியும், திணறினால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். அது சிறுதொழில் என்பதற்கான சான்று மட்டுமே, உணவு விற்க அனுமதி இல்லை, இதையும் அங்கே யாரும் விளக்கவில்லை. ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை அது பொதுவாகத் தேவையும் இல்லை. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓசூர் தாண்டி பெங்களூர் கடைக்கு ஒரு பெட்டி ஊறுகாய் போட்டாலும் அது வெளிமாநில விற்பனை, அங்கே இந்த 40 லட்சக் கணக்கு செல்லாது. அக்கா வியாபாரம் உள்ளூரோடு சரி என்பதால் ஜிஎஸ்டி வேண்டாம் என்று சொல்லி பேக்கேஜைக் குறைக்கச் சொன்னோம். முகம் மாறிவிட்டது, விலை மாறவில்லை.

அதைவிட மோசமானது அடுத்த ஆண்டு தெரிந்தது. உணவுப் பதிவை ஐந்து ஆண்டுக்கு எடுக்க வழி இருந்தும் ஒரே ஆண்டுக்குத்தான் எடுத்திருக்கிறார்கள். பதிவில் இருப்பது கடைக்காரர் செல் நம்பர், யூசர் ஐடியும் அவரிடம். புதுப்பிக்க ஓடிபி வேண்டுமென்றால் அவர் கடைக்குத்தான் போக வேண்டும், அதற்கு 1,500 கேட்டார்! அக்கா பெயரில் உள்ள பதிவுக்கு அவர் சாவி வைத்திருக்கிறார். ஒரு வழியாகப் பேசி நம்பரை மாற்றி வாங்கினோம், அதற்கும் 200.

மின்னணுத் தராசு சரியாக எடை காட்டுகிறது என்பதற்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை போட வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் அந்தக் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து மளிகைக்கடை அண்ணன் சொல்லித்தான் தெரியும். பேக்கேஜில் வராத சங்கதி போல.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், இரண்டுமே டைப் செய்த பெண்ணுக்கு. போவதென்றால் உங்கள் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் நம்பரையும் உங்கள் மெயிலையும் போடச் சொல்லி, பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொண்டு, கட்டண ரசீதின் பிரிண்ட்டையும் கேட்டு வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.