அடிக்கடி மலைக்கா, ஒரேமுறை தமிழ்நாட்டுக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலைக்குப் போகும் நம் வீடுகளில் ஓயாத விவாதம் இது: இருக்கிற லீவைச் சேர்த்து வைத்துத் தமிழ்நாடு போவதா, அவ்வப்போது பக்கத்து டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் காரை விடுவதா?

லீவு
தமிழ்நாடு: வாரம் 5 நாள் வேலை என்றால் சட்டப்படி ஆண்டுக்கு 15 வேலைநாள்தான் சம்பள விடுப்பு. பாதிக்கு மேல் கரைந்துவிடும்.
மலை: விடுப்பே வேண்டாம். பொது விடுமுறை ஞாயிறில் விழுந்தால் திங்களும் விடுமுறை.

செலவு
தமிழ்நாடு: துபாய் அல்லது தோஹா வழியாக நான்கைந்து டிக்கெட். டிசம்பரில் கேட்கவே வேண்டாம்.
மலை: பெட்ரோல், வாடகை அறை, வீட்டிலிருந்து கட்டிய பிரியாணி.

நெருக்கம்
மலை: காரில் மூன்று மணி நேரம் யாரும் எழுந்து போக முடியாது. பேச்சு தானாக வரும், சண்டையும்தான். அடுத்த மாதமே மறுபடி போகலாம் என்பது பெரிய பலம்.
தமிழ்நாடு: 1860 முதல் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோரின் ஊர், மாவட்டம் கப்பல் பட்டியல்களில் பதிவாகியிருக்கிறது. அந்த ஊரை ஆயாவும் பேரனும் சேர்ந்து தேடுவதற்கு எந்த மலையும் ஈடில்லை. ஆனால் துணிக்கடையிலேயே பாதிப் பயணத்தைக் கழிப்பவர்களும் உண்டு!

சின்னப் பிள்ளைகளும் ஷிப்ட் வேலையும் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு மலைக்குத்தான். பெரியவர்களுக்கு ஊர் பார்க்கும் ஆசை இருந்தால், அவர்கள் நடமாடும்போதே, ஜூன்-ஜூலை பள்ளி விடுமுறையில் கூட்டிப்போங்கள்.