2005 மாருதி எஸ்டீம்: குமரி மாவட்டத்தில் பழைய செடான் வாங்க நினைப்பவர்களுக்கு

தோவாளையில் கல்யாண மாலை கட்டிக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். குளச்சல், முட்டம் தேவாலயக் கல்யாணங்கள், மார்த்தாண்டம் மண்டபங்கள், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் என்று ஆர்டர் எங்கே இருந்தாலும் மாலை வாடாமல் போய்ச் சேரவேண்டும். ஆட்டோவில் வெயிலும் காற்றும் அடிக்கும். மினி லாரிக்கு அவ்வளவு சரக்கு இல்லை. ஏசி உள்ள, பின் சீட் அகலமான, ஒரு லட்சத்துக்குள் முடிகிற கார் தேடி, செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான் இந்த எஸ்டீம் எல்எக்ஸ்ஐ. பெட்ரோல், டிஎன் 74 பதிவு. பல வருஷம் ஓட்டிய பிறகுதான் எழுதுகிறேன்.

இன்ஜினை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். வண்டியின் எடையோ 900 கிலோவுக்குள். அதனால்தான் நாலு பேரும் கூடைகளும் ஏறினாலும் குலசேகரம் பக்கத்து ஏற்றங்களில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது. எஸ்டீம் தயாரிப்பு 2007-ஓடு நின்றுவிட்டது. ஆனால் இதே குடும்பத்து 1.3 லிட்டர் இன்ஜின் மாருதியின் ஜிப்ஸி ஜீப்பில் அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இன்ஜின் சாமான் இன்றைக்கும் நாகர்கோவிலில் கிடைப்பதற்கு அதுதான் காரணம். டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பெல்ட்) உள்ள இன்ஜின் இது. பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்று பில் காட்ட முடியாவிட்டால், வாங்கிய வாரமே பெல்ட்டையும் அதை இறுக்கி வைக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். "போன வருஷம்தான் மாத்தினேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஓட்ட வேண்டாம்.

நம் ஊரில் இந்த வண்டியை முடிப்பது துரு. வண்டி தேடிய நாட்களில் கடலோர ஊர் ஒன்றில் வெள்ளை எஸ்டீம் ஒன்று பார்த்தோம். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, ஸ்டார்ட் செய்தால் சத்தமே இல்லை. எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. கூட வந்த மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறக்கவே இல்லை.

"யக்கா, இன்ஜின பொறவு பாப்பம். மொதல்ல அந்த கார்பெட்ட தூக்குங்க."

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கார்பெட்டைத் தூக்கியதும் நனைந்த சாக்கு வாடை அடித்தது. அதற்குக் கீழே தகரத்தில் ஒட்டியிருந்த தார் ஷீட். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்டது, கிளட்ச் பெடலுக்குக் கீழே மட்டும் 'பொத்' என்று. அந்த இடத்தில் முனையை வைத்து லேசாக அழுத்தினார். முனை உள்ளே இறங்கியது. வெளியே இழுத்ததும் ஓட்டை வழியாக முற்றத்து மணல் தெரிந்தது. அடுத்து ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பின் சக்கர வளைவு ஓரமாக நகர்த்தினார். கையளவு இடத்தில் காந்தம் பிடிக்கவே இல்லை, அவ்வளவும் பட்டி. விற்பவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

உப்புக்காற்று வெளியே தெரிகிற தகரத்தைவிட மூடின இடங்களைத்தான் அதிகம் தின்கிறது. ரன்னிங் போர்டின் உட்பக்கம், கதவின் அடிப்பகுதி, ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்கார்ந்திருக்கும் இடம், ஸ்பேர் டயர் குழி, இந்த நான்கையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தங்கும். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பக்கம் இலை அடைத்தாலும் அப்படித்தான், தண்ணீர் நேராகக் காலடிக்கு வரும். இடவப்பாதி (தென்மேற்கு), துலாம் (வடகிழக்கு) என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. காய்வதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. எங்கள் வண்டியில் கூடுதலாகப் பூக்கூடைத் தண்ணீரும் சேரும். அதனால் பின் சீட்டிலும் தரையிலும் தார்ப்பாய் விரித்துத்தான் கூடை ஏற்றுகிறோம், வீடு வந்ததும் நாலு கதவையும் திறந்து போடுகிறோம். மழைக்காலத்துக்கு முன்னால் வண்டியைத் தூக்கி அண்டர் கோட்டிங் (அடியில் பூசும் துருத்தடுப்பு) பார்ப்பது எங்கள் வீட்டில் தவறாத செலவு.

கடலோர வண்டி வேண்டாம், மலைப்பக்கத்து வண்டி எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. ரப்பர் தோட்டத்துக்குள் நின்ற வண்டியில் துரு குறைவாக இருக்கலாம், ஆனால் வயரை எலி கடித்திருக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே கறுப்பு டேப் புதிதாகச் சுற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நாங்கள் கடைசியில் தக்கலைப் பக்கம் போர்டிகோவுக்குள் நின்ற வண்டியை எடுத்தோம்.

அடுத்தது சூடு. எங்கள் வண்டி மார்த்தாண்டம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. பின் சீட்டில் முகூர்த்த மாலை. ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, பூவுக்கு விசிறிக்கொண்டே மெக்கானிக் தம்பிக்குப் போன் செய்தேன். வந்து பார்த்ததில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை, மோட்டார் போயிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், நமக்கு முன்னால் எந்த ஒர்க்‌ஷாப்பிலோ தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப கூலன்டைத் திறந்து விடும் வால்வை) கழற்றி எறிந்திருக்கிறார்கள். "தெர்மோஸ்டாட் இல்லேன்னா வண்டி சூடாவாது" என்ற நம்பிக்கை இங்கே நிறைய ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. உண்மையில் அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வருவதே தாமதமாகும், அதுவரை இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றிக்கொண்டிருக்கும், மைலேஜ் இறங்கும். நெரிசலில் சூடாவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே காப்பாற்ற வேண்டியது ஃபேன். கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் இன்னும் மோசம். உள்ளே இருப்பது அலுமினியம், உப்புத் தண்ணீர் அதை அரித்துவிடும். வாங்கும்போது, இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெரிந்தால் நல்லது. செம்மண் நிறத்தில் இருந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஏசி நன்றாகக் குளிரும், கூலிங் காயிலில் ஓட்டை விழாதவரை. எங்களுக்கு அதை ஒருமுறை மாற்றியாகிவிட்டது. கண்டென்சரும் உப்புக்காற்றில் பொடியாகும். ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் ஏற்றச் சொன்னால், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஏற்றுவதில் பயனில்லை.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்லத் தேவையில்லை. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது இந்த லேசான வண்டி பக்கவாட்டில் நகரும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் நல்ல நிலையில் இருந்தால் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துச் சமாளித்துவிடலாம். புஷ் தேய்ந்திருந்தால் காற்று விட்ட பிறகும் வண்டி நேராக வராது. விலை குறைந்த சாமான்தான், ஆனால் புஷ்ஷை மாற்றிய அன்றைக்கு வேறு வண்டி ஓட்டுவதுபோல் இருந்தது. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. நாலுவழிச் சாலையில் தினமும் திருநெல்வேலி போய்வர வேண்டியவர்கள், சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கிச் சுற்றினால் த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்தக் காலத்து வண்டிகளுக்காக வந்ததல்ல. பழைய பெட்ரோல் ஹோஸையும் ரப்பர் வாஷர்களையும் மெக்கானிக் தம்பி முன்கூட்டியே மாற்றிக் கொடுத்தார். மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓட்டாமல் போடுகிறவர்கள் டேங்கில் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பேப்பர். திருவனந்தபுரத்தில் விலை குறைவு என்று கேரள வண்டி எடுக்கப் போகிறவர்கள் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்டவேண்டிய சாலை வரி, நம்பர் மாற்றுவது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் லாபம் பெரிதாக நிற்காது. பதினைந்து வருஷம் முடிந்த காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. ஒரு லட்சத்துக்குள் வாங்குகிற வண்டிக்கு இது சின்னப் பணம் இல்லை, பேரம் பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு நான் கட்டிவிட்டேன். பின்பக்கம் ஷாக் மவுண்டில் லேசாகச் சத்தம் வருகிறது, ஆவணிக் கல்யாணங்கள் முடிந்ததும் மாற்றித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.